வோட்டும் சத்தியமும்



"சாமி, வீட்டுக்கு வந்து கவரைக் கொடுத்துவிட்டார்கள். வேண்டாமென்று சொல்லப் பயமாயிருந்தது. பாடுபட்ட சுரூபத்தின்மேல் கைவைத்துச் சத்தியமும் வாங்கிக்கொண்டார்கள். இனி வேறொருவருக்கு வோட்டுப் போட்டால் சத்தியத்தை மீறின பாவம் வருமா?"

தேர்தல் காலம் வந்தால் குருக்களின் காதில் விழுகிற கேள்வி இது. கேட்கிறவர்கள் பெரும்பாலும் ஏழைகள், அதிலும் தாய்மார்கள். படித்தவர்கள் இதைக் கேட்டுச் சிரிக்கக்கூடும். சிரிக்க வேண்டாம். கைநீட்டி வாங்கினால் அதற்குப் பதில் செய்யவேண்டும், சர்வேசுரனைச் சாட்சி வைத்துச் சொன்ன சொல்லைக் காக்கவேண்டும் என்கிற தேவபயம் அந்தத் தாயிடம் இருக்கிறது. மேடையில் கொடுத்த வாக்கை மாலையோடு கழற்றிவைத்துவிட்டுப் போகிற பெரிய மனிதர் அநேகரிடம் அது கிடையாது. அந்த நல்ல பயத்தையே கயிறாகத் திரித்து அவள் கையைக் கட்டிவிடுகிறார்களே என்பதுதான் நமக்கு வருத்தம்.

ஆகையால் இவ்வாரம் இந்த விஷயத்தைச் சற்று நின்று பார்ப்போம். எந்தக் கட்சியின் பேரும், எந்த அபேட்சகரின் பேரும் இதில் வராது. கட்சிப் பேர் வருமென்று எதிர்பார்த்து இந்தப் பக்கத்தைத் திருப்பினவர்கள் திருமண ஓலைகளைப் படித்துக்கொள்ளலாம்.

முதலாவது, வோட்டு யாருடைய சொத்து? "என் வோட்டு, என் இஷ்டம்" என்று பேசுகிறோம். இஷ்டம் என்பது சரி. சொத்து என்பதுதான் சரியல்ல. தகப்பனை இழந்த பிள்ளைகளின் நிலத்துக்கு ஒரு சிற்றப்பனைக் கார்டியனாக வைக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். பத்திரம் அவன் பெட்டியில் இருக்கும், கையெழுத்தும் அவனுடையதே. அதற்காக நிலத்தை விற்றுத் தன் கடனை அடைப்பானேயாகில் அவனை என்னவென்று சொல்வோம்? வோட்டும் அப்படிப்பட்டதே. உங்கள் வார்டின் குடிதண்ணீர், ஆரம்ப சுகாதார நிலையத்தில் மருந்து, ரேஷன் கடையின் அரிசி, பக்கத்துத் தெரு ஏழைப் பிள்ளையின் பள்ளிக்கூடம், நாளை பிறக்கப்போகிற குழந்தையின் உயிர், இவையெல்லாம் அந்த ஒரு பொத்தானோடு கட்டப்பட்டிருக்கின்றன. அவர்களுக்காக நம்மிடம் ஒப்படைக்கப்பட்டதை நாம் விற்பது எப்படி? ஏசா ஒரு கிண்ணம் பயற்றங்கூழுக்குத் தன் தலைச்சன் உரிமையைக் கொடுத்துவிட்டான் என்று வேதாகமத்தில் படிக்கிறோம். அவனாவது தன்னுடையதை விற்றான்.

திருச்சபை இதைக் கடமை என்றே போதிக்கிறது. வரி செலுத்துவதையும், வோட்டுரிமையைப் பயன்படுத்துவதையும், தேசத்தைக் காப்பதையும் கத்தோலிக்க ஞானோபதேசம் 2240-ம் எண்ணில் ஒன்றாகவே வைத்துச் சொல்லுகிறது. இரண்டாம் வத்திக்கான் பொதுச்சங்கமும் 1965-ல், பொதுநன்மைக்காகச் சுயாதீனமாய் வோட்டளிப்பது உரிமையும் கடமையுமாம் என்று நினைவூட்டியது. அதற்கும் முன்னே, 1948 மார்ச்சு மாதம், இத்தாலியில் தேர்தல் நெருங்கிய சமயம், பாப்பரசர் 12-ம் பத்திநாதர் உரோமாபுரியின் தபசுகாலப் பிரசங்கிகளிடம், சோம்பலாலோ கோழைத்தனத்தாலோ வோட்டுப் போடாதிருப்பது கனமான பாவம் என்று கண்டிப்பாய்ப் பேசினார். அதே இத்தாலியில் 1870-ல் உரோமாபுரி பறிபோன பின்பு, பாராளுமன்றத் தேர்தலில் கத்தோலிக்கர் கலந்துகொள்வது தகாது என்று ஒரு கட்டுப்பாடு இருந்து, 1919-ல்தான் அது முற்றிலும் நீங்கியது என்பதும் சரித்திரம். காலமும் சந்தர்ப்பமும் மாறலாம். பொதுநன்மையைத் தேடுவது மட்டும் மாறுவதில்லை.

இனிப் பணத்துக்கு வருவோம். நம் ராஜ்யத்தில் இது ஒளிவுமறைவான சங்கதியல்ல. பணப்பட்டுவாடா காரணமாக 2016-ல் அரவக்குறிச்சியிலும் தஞ்சாவூரிலும் சட்டசபைத் தேர்தல் நிறுத்தப்பட்டது. 2017 ஏப்ரலில் சென்னை ஆர்.கே. நகர் இடைத்தேர்தல் ரத்தானது. 2019-ல் வேலூர் பாராளுமன்றத் தேர்தல் ரத்தாகி, ஆகஸ்டு மாதத்தில் தனியாக நடந்தது. சட்டமோ கொடுப்பவனை மட்டும் பிடிக்கிறதில்லை. 2024 ஜூலை 1 முதல் அமலில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 170-ம் பிரிவின்படி வோட்டுக்காகக் கொடுப்பதும் லஞ்சம், வாங்குவதும் லஞ்சம். 173-ம் பிரிவு அதற்கு ஓராண்டுவரை சிறை அல்லது அபராதம், அல்லது இரண்டும் என்கிறது. "எல்லோரும் வாங்குகிறார்கள், நாம் ஒருவர் வாங்காவிட்டால் அந்தப் பங்கையும் அவனே அமுக்கிக்கொள்வான்" என்று ஒரு நியாயம் சொல்வார்கள். அமுக்கிக்கொள்ளட்டுமே! அது அவன் கணக்கில் நிற்கும். நம் கணக்கைத்தான் நாம் ஒப்புவிக்க வேண்டும்.

உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்று நம் பெரியோர் சொல்லிவைத்தார்கள். ஏழைத் தாயின் மனசை உறுத்துவதும் இதுவே: "அவன் உப்பைத் தின்றுவிட்டேனே." அம்மா, அது அவன் உப்பா என்று முதலில் விசாரியும். தன் வயலில் விளைந்ததையோ தன் கைப்பாட்டில் சேர்த்ததையோ விற்று யாராவது தெருத்தெருவாய்க் கவர் கொடுப்பார்களா? போட்ட பணத்தை எங்கிருந்து திரும்ப எடுப்பார்கள்? போடாத சாலைக்கும், வாராத வாய்க்காலுக்கும், உம்முடைய பிள்ளைக்குச் சேரவேண்டிய உபகாரச் சம்பளத்துக்கும் கணக்கெழுதித்தான். உம்முடைய உப்பையே எடுத்து உமக்குப் போட்டுவிட்டு நன்றி கேட்கிறான். நன்றிக்கடன் என்பது உபகாரத்துக்கு உண்டு, விலைக்கு இல்லை.

சத்தியத்தின் காரியமோ இன்னும் கனமானது. சர்வேசுரனைச் சாட்சியாக அழைப்பது ஒரு ஆராதனை. அதனாலேயே சத்தியம் செய்யும்போது உண்மை, விவேகம், நீதி என்கிற மூன்றும் கூட இருக்கவேண்டுமென்று வேதசாஸ்திரிகள் பழங்காலந்தொட்டுப் போதிக்கிறார்கள். நீதியில்லாத காரியத்துக்குச் செய்த சத்தியம் ஒருவனையும் கட்டாது. அதைச் செய்தது பாவம். அதை நிறைவேற்றுவது இரண்டாம் பாவம். இதற்குச் சுவிசேஷத்திலேயே பயங்கரமான திருஷ்டாந்தம் உண்டு. ஏரோது அரசன் தன் பிறந்தநாள் விருந்தில், நடனமாடின பெண்ணுக்குக் கேட்டதையெல்லாம் கொடுப்பதாக ஆணையிட்டான். அவள் கேட்டது ஸ்நாபக அருளப்பருடைய தலை. அரசனுக்கு மனசு வருந்திற்று என்று அர்ச். மாற்கு எழுதுகிறார். ஆனாலும் ஆணையிட்டுவிட்டேனே, பந்தியில் இருக்கிறவர்கள் என்ன நினைப்பார்களோ என்று தலையை வெட்டக் கட்டளை கொடுத்தான். சொன்ன சொல்லைத் தவறாமல் காத்தான் ஏரோது! அதற்காக அவனைப் புண்ணியவான் என்று யாராவது சொன்னதுண்டா? அன்றைக்கு அவன் தன் சத்தியத்தை மீறியிருந்தானேயாகில் அதுவே அவன் செய்த ஒரே நற்கிரியையாக இருந்திருக்கும்.

திருச்சபைச் சட்டமும் இதைத் தெளிவாய் வகுத்திருக்கிறது. 1983-ம் ஆண்டுச் சட்டத்தொகுப்பின் 1200-ம் சட்டப்படி, வஞ்சகத்தாலோ, பலவந்தத்தாலோ, பெரும் பயத்தாலோ பிடுங்கப்பட்ட சத்தியம் தானாகவே செல்லாது. அடுத்த 1201-ம் சட்டப்படி, பிறருக்குக் கேடும் பொதுநன்மைக்குப் பழுதும் வருவிக்கிற ஒரு காரியத்தோடு சத்தியத்தைச் சேர்த்துவிட்டதனால் அந்தக் காரியத்துக்குப் புதிய பலம் ஒன்றும் வந்துவிடாது. ஆகவே கேட்ட தாய்க்கு மறுமொழி இதுதான்: அந்தச் சத்தியம் உம்மைக் கட்டவில்லை. வாக்குச்சாவடிக்குப் போகும்போது அது உம்மோடு வராது. உமது மனச்சாட்சி யாரைச் சொல்லுகிறதோ அவருக்கே போடும். சுரூபத்தை வைத்து வியாபாரம் பண்ணினதற்கு மனஸ்தாபப்பட்டு, வாங்கினதையும் சத்தியம் செய்ததையும் பாவசங்கீர்த்தனத்தில் சொல்லும். சத்தியம் வாங்கினவர்களுடைய பாவம் உம்முடையதைவிட எவ்வளவோ பெரிது. அதை அவர்களுக்கு யார் எடுத்துச் சொல்லப்போகிறார்களோ தெரியவில்லை.

"யாருக்குப் போட்டேன் என்று கண்டுபிடித்துவிடுவார்களே" என்கிற பயமும் சிலருக்கு உண்டு. இயந்திரத்துக்குப் பக்கத்துப் பெட்டியில் ஒரு சீட்டு ஏழு விநாடி தெரிந்து உள்ளே விழுகிறதல்லவா? அதில் அபேட்சகரின் பேரும் சின்னமும் இருக்கும். உங்கள் பேர் இராது. விரலில் வைக்கிற மையும் நீங்கள் வந்துபோனதைத்தான் சொல்லும். அந்த அட்டை மறைப்புக்குள்ளே ஒரு சமயத்தில் ஒருவர்தான் போகலாம். நம்முடைய கோயிலிலும் அப்படி ஒரு மறைப்பு இருக்கிறது. இரண்டு இடத்திலும் மனிதர் காதுக்கு வேலையில்லை, சர்வேசுரன் பார்க்கிறார்.

அப்படியானால் வாங்கின பணத்தை என்ன செய்வது? இதற்கு 700 வருஷங்களுக்கு முன்னமே அர்ச். தோமாஸ் அக்குயினாஸ் விடை எழுதிவைத்திருக்கிறார். கொடுப்பதே நியாயவிரோதமாக இருக்கும்போது, கொடுத்தவன் அந்தப் பணத்தை இழக்கத் தகுந்தவன். வாங்கினவனும் அதை வைத்துக்கொள்ளக் கூடாது. தர்ம காரியத்துக்குச் செலவிட வேண்டும் என்பது அவருடைய தீர்மானம். திருப்பிக் கொடுக்கிறேன் என்று தெருவில் சண்டைக்கு நிற்கவேண்டியதில்லை. ஏழைகள் பெட்டியில் போட்டுவிடுங்கள். அரிசிக்கும் மருந்துக்கும் ஏற்கனவே செலவாகிவிட்டது, வேறு வழியுமில்லை என்கிறவர்கள் ஆத்தும குருவிடம் சொல்லி யோசனை கேளுங்கள். அவர் உங்கள் கழுத்தைப் பிடிக்கமாட்டார்.

இவ்விடத்தில் பங்குப் பேரவைக்காரருக்கும் திருவிழாக் கமிட்டியாருக்கும் ஒரு வார்த்தை. தனி ஆளுக்குக் கொடுத்தால்தான் லஞ்சம், கெபிக்கும் கொடிமரத்துக்கும் மைக்செட்டுக்கும் கொடுத்தால் அது தர்மம் என்று ஒரு கணக்கு நம்மிடையே நடமாடுகிறது. தேர்தலுக்கு மூன்று மாதம் முந்தி மட்டும் தேவமாதாவின் பேரில் பக்தி பொங்கி வருகிற அபேட்சகரை நான் சந்தேகிக்கிறேன். மன்னிக்கவும், சந்தேகிக்கத்தான் வேண்டும். யூதாஸ் தேவாலயத்தில் எறிந்துவிட்டுப் போன 30 வெள்ளிக்காசைக் காணிக்கைப் பெட்டியில் சேர்க்கலாகாது என்று, நமதாண்டவரைக் கொல்லத் தேடின பிரதான ஆசாரியர்களே தீர்மானித்தார்கள். அவர்களுக்கு இருந்த கூச்சம்கூட நமக்கு இல்லாமற் போனால் கெபி எதற்கு?

அடுத்த கேள்வி: "நம்மவருக்குத்தானே போடவேண்டும்?" நம்மவர் என்றால் நம் வேதத்தார், நம் சாதியார், நம் ஊரார் என்று அவரவர் வசதிப்படி அர்த்தம். நியாயாதிபதிகள் ஆகமம் 9-ம் அதிகாரத்தை இந்த வாரம் வீட்டில் செபம் முடிந்தபின் வாசியுங்கள். கிதியோன் இறந்தபின் அவன் மக்களில் ஒருவனான அபிமெலேக்கு, தன் தாய்வீட்டு ஊராகிய சிக்கேமுக்குப் போய், நான் உங்கள் எலும்பும் மாம்சமும் அல்லவா, என்னை ராஜாவாக்குங்கள் என்று ஆள்விட்டுச் சொன்னான். ஊராரும் இவன் நம்ம ஆள் என்று சாய்ந்துவிட்டார்கள். அவன் குணம் எப்படி, நீதி தெரியுமா என்று ஒருவரும் கேட்கவில்லை. பாகாலின் கோயில் பணத்திலிருந்து 70 வெள்ளிக்காசு எடுத்துக் கொடுத்தார்கள். கோயில் பணம், கவனியுங்கள். அதைக்கொண்டு அவன் போக்கிரிகளைக் கூலிக்கு அமர்த்தி, தன் சகோதரரை ஒரே கல்லின்மேல் வைத்துக் கொன்றான். எல்லோருக்கும் இளையவனான யோத்தாம் மட்டும் ஒளிந்துகொண்டு தப்பினான்.

அந்த யோத்தாம் மலையுச்சியில் நின்று ஊராருக்குச் சொன்ன கதை, தேர்தலைப் பற்றி வேதாகமத்தில் உள்ள முதல் பிரசங்கம் என்றே சொல்லலாம். மரங்கள் எல்லாம் தங்களுக்கு ஒரு ராஜாவைத் தேடின. ஒலிவ மரத்தைக் கேட்டன. என் எண்ணெயை விட்டுவிட்டு வரமாட்டேன் என்றது. அத்திமரம் தன் பழத்தைச் சொல்லி மறுத்தது. திராட்சைக்கொடி தன் ரசத்தைச் சொல்லி மறுத்தது. கடைசியில் முட்செடியிடம் போனார்கள். அது உடனே ஒப்புக்கொண்டது. என் நிழலில் வந்து அடங்குங்கள், இல்லாவிட்டால் என்னிலிருந்து நெருப்புப் புறப்படும் என்றது. முட்செடிக்கு ஏது நிழல்? இல்லாத நிழலை வாக்களித்து, இருக்கிற நெருப்பைக் காட்டி மிரட்டிற்று. இந்த இரண்டையும் நாம் கேட்டதில்லையா? மூன்று வருஷம் ஆனபின் சிக்கேம் ஊராருக்கும் அவனுக்கும் பகை வந்தது. எந்த ஊர் அவனை நம்ம ஆள் என்று தூக்கிவைத்ததோ அந்த ஊரையே அபிமெலேக்கு இடித்துத் தரைமட்டமாக்கி, அந்த மண்ணில் உப்பைத் தூவினான். உப்பிட்டவரைப் பற்றிப் பேசுகிறவர்கள் இந்த உப்பையும் நினைத்துக்கொள்ளட்டும்.

அப்படியிருக்க யாரைத்தான் பார்ப்பது? மோயீசனுடைய மாமனார் எத்திரோ, ஜனங்களை நியாயம் விசாரிக்க ஆள் தேடும்போது கவனிக்கவேண்டிய அடையாளங்களைச் சொல்லிக்கொடுத்தார். திறமை இருக்கவேண்டும், தெய்வபயம் இருக்கவேண்டும், உண்மை இருக்கவேண்டும், கைக்கூலியை வெறுக்கவேண்டும். யாத்திராகமம் 18-ம் அதிகாரம். இதில் எத்திரோ இஸ்ராயேலனல்ல, மதியான் நாட்டுக் குரு, புறத்தியான். அவன் சொன்ன யோசனையை மோயீசன் தட்டாமல் ஏற்றுக்கொண்டார் என்பதையும் பார்க்கவேண்டும். நல்ல புத்தி நம் வேலிக்குள்தான் முளைக்கும் என்பதில்லை.

நம் முன்னோரும் வேலி கேட்கவில்லை. வெள்ளைக்காரர் ஆட்சியில், 1935-ம் ஆண்டுச் சட்டப்படி, இந்தியக் கிறிஸ்தவர்களுக்குத் தனித் தொகுதிகள் இருந்தன. சுதந்தர இந்தியாவின் அரசியல் நிர்ணய சபையில் நம் சென்னை லயோலாக் கல்லூரியின் சேசுசபைக் குரு ஜெரோம் டிசௌசா சுவாமியார் அங்கத்தினராக இருந்தார். கிறிஸ்தவரான ஹரேந்திர கூமர் முகர்ஜி அந்தச் சபையின் உபதலைவர். மதச் சிறுபான்மையினருக்குச் சட்டசபைகளில் இட ஒதுக்கீடு வேண்டாம் என்ற தீர்மானத்தை 1949 மே மாதம் ஆலோசனைக் கமிட்டியில் கொண்டுவந்தவரே முகர்ஜி. மற்றச் சகோதரரோடு ஒரே வரிசையில் நின்று வோட்டுப் போடுவோம், அவர்கள் நம்மை நம்பட்டும், நாமும் அவர்களை நம்புவோம் என்று அன்று தீர்மானித்தாகிவிட்டது. அந்த வரிசையில் நின்றுகொண்டே நம்ம ஆள், நம்ம ஆள் என்று முணுமுணுப்பது அழகல்ல.

மேலும் மதத்தின் பேராலோ சாதியின் பேராலோ வோட்டுக் கேட்பது மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 123-ம் பிரிவின்படி முறைகேடு. அபேட்சகருடைய மதம் மட்டுமல்ல, வோட்டாளருடைய மதத்தைச் சொல்லிக் கேட்பதும் அதில் அடங்கும் என்று 2017 ஜனவரி 2-ம் தேதி சுப்ரீம் கோர்ட்டின் ஏழு நீதிபதிகளில் நால்வர் தீர்ப்பளித்தார்கள். இன்னாருக்குப் போடாவிட்டால் தெய்வகோபம் வரும் என்று அபேட்சகருக்காகப் பயமுறுத்துவதும் அதே பிரிவில் குற்றமே. இது குருக்களையும் கட்டும். கட்டுவது நல்லதே. திருச்சபைச் சட்டத்தின் 287-ம் எண்ணும் கட்சிகளில் குருக்கள் முனைந்து பங்கெடுப்பதைப் பொதுவாக விலக்கியிருக்கிறது. ஆகையால் பீடத்திலிருந்து ஒரு சின்னத்தின் பேரை எதிர்பார்க்கிறவர்கள் எங்களிடம் எங்களுக்கு இல்லாத அதிகாரத்தைக் கேட்கிறார்கள். கொலை பாவம், கருவிலே கொல்வதும் கொலை, ஏழையின் கூலியைப் பிடிப்பது பாவம், சாதித்துவேஷம் பாவம், பிறர் மனச்சாட்சியைப் பலவந்தம் பண்ணுவது பாவம் என்று போதிப்பது எங்கள் வேலை. இவற்றை வைத்து எதிரே நிற்கிறவர்களை நிறுத்துப்பார்ப்பது உங்கள் வேலை. அந்தத் தராசை எங்கள் கையில் கொடுத்துவிட்டு, "சாமி சொன்னார், போட்டேன்" என்று நடுத்தீர்வையிலே தப்பிக்க முடியாது.

நிறுத்துப்பார்த்தால் ஒருவரும் தேறவில்லையே என்பீர்கள். கஷ்டமான கேள்விதான். ஒருவன் செய்யும் அக்கிரமத்துக்காகவே, அதை விரும்பி, அவனுக்கு வோட்டுப் போடுகிறவன் அந்த அக்கிரமத்தில் பங்காளி. அந்த அக்கிரமத்தை வெறுத்து, மற்ற எல்லாரையும்விட இவரால் கேடு குறையும், நன்மை கூடும் என்று கனமான நியாயத்தோடு போடுகிறவன் அப்படியல்ல. சட்டசபையில் இருக்கிறவர்களைப் பற்றியே பாப்பரசர் இரண்டாம் அருள் சின்னப்பர் 1995-ல் எழுதின நிருபத்தில், ஒரு கெட்ட சட்டத்தை அடியோடு நீக்க முடியாதபோது அதன் தீமையைக் குறைக்க வோட்டளிப்பது நியாயமே என்று விளக்கியிருக்கிறார். மறைந்த பாப்பரசர் பிரான்சிஸ் 2024 செப்டம்பரில் சிங்கப்பூரிலிருந்து உரோமைக்குத் திரும்பும் விமானத்தில், அமெரிக்கத் தேர்தலைப் பற்றிக் கேட்டபோது, அபேட்சகர் இருவரிடத்தும் உயிருக்கு விரோதமான காரியம் உண்டு என்று ஒளிக்காமல் சொன்னார். ஆனாலும் வோட்டுப் போடாதிருப்பது நல்லதல்ல; குறைந்த தீமை எதுவென்று அவரவர் மனச்சாட்சிப்படி யோசித்துத் தெரிந்துகொள்ள வேண்டும்; அது யாரென்று தமக்குத் தெரியாது என்று முடித்தார். பாப்பரசரே சொல்லாததைப் பங்குக் குருவிடம் கேட்கலாமா?

நோட்டா என்கிற பொத்தானும் 2013-ம் ஆண்டு சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பினால் வந்திருக்கிறது. மனச்சாட்சி உண்மையிலேயே ஒருவரையும் ஒப்புக்கொள்ளாவிட்டால் அதை அழுத்துவது பாவமல்ல. ஆனால் சட்டசபை, பாராளுமன்றத் தேர்தலில் நோட்டாவுக்கு எத்தனை வோட்டு விழுந்தாலும், மீதியில் அதிகம் பெற்றவர் ஜெயித்துவிடுவார். ஒலிவமரமும் அத்திமரமும் ஒதுங்கிக்கொண்டபோது முட்செடிக்கு வசதியாயிற்று என்பதை யோசித்து அழுத்துங்கள். வோட்டு நாளை விடுமுறையாக எண்ணி மலைப்பிரதேசத்துக்குக் கார் எடுத்துக்கொண்டு போகிற நம் படித்த குடும்பங்களுக்கு இந்த யோசனைகூடத் தேவைப்படுவதில்லை போலும்.

கடைசியாக வீட்டுக்குள் வருவோம். சுதந்தர இந்தியாவின் முதல் பொதுத்தேர்தலுக்கு, 1951-52-ல், ஜாபிதா தயாரித்தபோது சுமார் 28 லட்சம் பெண்களின் பேரை நீக்கவேண்டியதாயிற்று. காரணம், அவர்கள் தங்கள் பேரைச் சொல்லாமல் இன்னாருடைய பெண்ஜாதி, இன்னாருடைய தாய் என்றே எழுதச் சொன்னார்கள். இப்போது பேர் எழுதியாகிறது. வோட்டு மட்டும் சில வீடுகளில் இன்னும் "இன்னாருடைய பெண்ஜாதி" என்றே விழுகிறது. "நம் வீட்டில் ஆறு வோட்டு" என்று வாசலில் நின்று பேரம் பேசுகிற குடும்பத் தலைவரே, உம்முடையது ஒன்றுதான். மற்ற ஐந்தும் ஐந்து ஆத்துமாக்களுடையவை.

அர்ச். தோமாஸ் மோரை நினைத்துக்கொள்ளுங்கள். இங்கிலாந்தின் லார்டு சான்சலராய் இருந்தவர். 8-ம் ஹென்றி அரசன் கேட்ட பிரமாணத்தை மனச்சாட்சி இடங்கொடாததால் மறுத்து, 1535 ஜூலை 6-ம் தேதி தலை வெட்டுண்டார். ராஜாங்கம் நடத்துகிறவர்களுக்கு அவரைப் பாதுகாவலராக 2000-ம் ஆண்டில் திருச்சபை நியமித்தது. இவ்வளவும் பலருக்குத் தெரியும். பலர் கவனியாதது அவர் வீட்டுச் சங்கதி. அவர் உயிராய் நேசித்த மகள் மார்கரெட் அந்தப் பிரமாணத்தைச் செய்துகொண்டாள். தகப்பனையும் செய்யும்படி சிறைக்கு வந்து மன்றாடினாள். மனைவி ஆலிஸ் அம்மாளுக்கோ அவருடைய பிடிவாதம் கடைசிவரையில் விளங்கவில்லை. அவர் ஒருவரையும் தம் பக்கம் இழுக்கவுமில்லை, செய்தவர்களைக் குற்றவாளிகள் என்று சொல்லவுமில்லை. தம் மனச்சாட்சிக்காகத் தலையைக் கொடுத்தவர், மகளுடைய மனச்சாட்சியில் கைவைக்கவில்லை.

வயோதிகர்களைப் பற்றி அறிவிக்க வேண்டியது ஒன்று உண்டு. 85 வயதுக்கு மேற்பட்டவர்கள் முன்கூட்டி 12-டி படிவம் கொடுத்தால் வீட்டிலிருந்தே வோட்டளிக்கலாம். ஜாபிதாவில் பேர் இல்லாத, 18 வயது நிரம்பிய பிள்ளைகளுக்கு 6-ம் படிவம். வீடு மாறினவர்களுக்கும் பிழைதிருத்தத்துக்கும் 8-ம் படிவம். கண் தெரியாதவர்களும், தாமாகப் பொத்தானை அழுத்த முடியாத தளர்ந்தவர்களும் 18 வயது நிரம்பிய ஒரு துணையை உள்ளே கூட்டிப்போகலாம். துணைபோகிறவர் அன்றைக்கு ஒருவருக்குமட்டுமே துணைபோகலாம். வோட்டின் இரகசியத்தைக் காப்பதாகக் கையெழுத்தும் வைக்கவேண்டும். பாட்டியின் விரல் எந்தச் சின்னத்தைத் தேடுகிறதோ அந்தச் சின்னத்துக்கு அந்த விரலைக் கொண்டுபோய்ச் சேர்ப்பதே துணையின் வேலை. தேடாத சின்னத்தில் அழுத்திவிட்டு வருகிற பேரன் திருடன்தான்.

வோட்டு நாளன்று வின்சென்ட் தே பவுல் சபையார் தனியாய் இருக்கிற முதியவர்களை ஆட்டோவில் கூட்டிப்போகலாம். கட்சிக்காரருடைய வண்டி வேண்டாம். ஆட்டோக் கூலிக்கு ஏழைகள் பெட்டியில் இருந்து எடுத்துக்கொள்ளுங்கள். வாக்குச்சாவடிக்கு வெளியே நிழலில் காத்திருந்து, அவர்கள் வந்ததும் தண்ணீர் கொடுத்து வீட்டில் கொண்டுபோய் விடுங்கள். யாருக்குப் போட்டீர்கள் என்று மட்டும் கேட்காதிருங்கள்.